ரிவர்ஸ் எடுக்காத மேடை

புகழ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்னிடம் அனுப்பி வையுங்கள். அரை மணி நேரத்தில் தெளிய வைத்து அனுப்புகிறேன். எனக்குப் புகழ் வந்திருக்கிறது. தேடி வந்தது. லாரியில் வந்தது. வந்த லாரியிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

நாமக்கல் பக்கம் யாரிடமாவது 'லாரி கதிர்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, "நான் மட்டும் எங்கயும் போகலை" என்று கத்திக் காட்டுவார்கள். அந்த வரி நான் எழுதியது. அதை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். (சொல்லிப் பார்த்திருக்கிறேன்.)

எங்கள் ராக் குழுவின் பெயர் 'தகரம்'. மூன்று பேர். பாடுவது நான். டிரம்ஸ் சேகர், எங்கள் பட்டறையிலேயே டிங்கர் வேலை பார்த்தான். பகலெல்லாம் தகரத்தைத் தட்டிவிட்டு, சாயங்காலம் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு டிரம்ஸைத் தட்டுவான். கிடார் சாதிக். சேலம் பஜாரில் அவன் அத்தாவுக்கு இரும்புச் சாமான் கடை. கல்லாவில் உட்கார்ந்து ஆணியும் கொண்டியும் விற்றுக்கொண்டே மெட்டுப் போடுவான். மூன்று பேரில் உண்மையாகவே சங்கீதம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

எங்கள் பட்டறை என்றால் அப்பாவின் பட்டறை. லாரிக்கு பாடி கட்டுவது தொழில். வெறும் எலும்புக்கூடாக வந்து நிற்கும் வண்டிக்கு கேபின், பக்கப் பலகை, பெயிண்ட், கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயர் என்று எல்லாம் போட்டு அனுப்பி வைப்பார். அது நாக்பூர் போகும், கொல்கத்தா போகும், அஸ்ஸாம் போகும். நான் சேலம் வரைக்கும் போவேன். அதுவும் சாதிக்கைப் பார்க்க. அந்த வயிற்றெரிச்சலில் எழுதியதுதான் எங்கள் பாட்டு:

எல்லா வண்டியும் போகுது போகுது,
நான் மட்டும் எங்கயும் போகலை.

முதல் இரண்டு சரணங்களிலும் நான் கத்துவேன். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா மட்டும் ஒரு நாள் வெகு அக்கறையாக, "தொண்டையில ஏதாச்சும் மாட்டிக்கிச்சா சாமி?" என்று கேட்டார். ஆனால் மூன்றாவது சரணத்தில் கத்தல் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. ஒரு கிடார், ஒரு குரல். அத்தனை நாளும் நின்றுகொண்டே இருந்தவன் பட்டறைக் கதவைத் தானே திறந்துகொண்டு, நடந்தே போய்விடுவான். அந்தச் சரணத்தை எழுதியவன் சாதிக். என் இரண்டு சரணங்களும் அந்த ஒன்றுக்கு வாசல்படி, அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே தெரியும், பொறாமையாகவும் இருந்தது.

போனில் பதிவு செய்து இணையத்தில் போட்டிருந்த எங்கள் பாட்டின் முதல் பாதியை, சென்னையில் ஒரு பாட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கும் மீரா என்ற பெண் கேட்டிருக்கிறார். கூப்பிட்டார். "போன்ல கேட்டா பத்தாது. உங்களை நேர்ல கேக்கணும். ஜனங்க முன்னாடி எப்படிப் பாடறீங்கன்னு பாக்கணும். நல்லா இருந்தா முழுப் பாட்டையும் நாங்க ரெக்கார்ட் பண்றோம்" என்றார். ஒரு கல்யாணத்துக்காக சேலம் வருகிறாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாமக்கல் வந்துவிட்டு, இரவு ரயிலுக்குச் சேலம் திரும்பிவிடுவாராம்.

அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் சாதிக்குக்கு வேறு வெள்ளிக்கிழமை கிடையாது. கடையின் இரண்டாவது கிளையை ஈரோட்டில் திறந்து அவனை உட்கார வைக்க அவன் அத்தா முடிவு செய்துவிட்டார். "அந்தம்மா சரின்னு சொல்லிட்டா அத்தாகிட்ட பேசறதுக்கு எனக்கு ஒரு வாய் இருக்கும்டா. இல்லைன்னா ஈரோடுதான்" என்றான். ஆக, மீரா கேட்க வேண்டும். மூன்றாவது சரணம் வரைக்கும் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் நடக்க வேண்டியதில்லை.

இடம் கிடைக்கவில்லை. கல்யாண மண்டபங்களில் எங்கள் பாட்டைப் போட்டுக் காட்டியதும் வேறு தேதி இல்லை, வேறு மாதம் இல்லை, வேறு வருஷமும் இல்லை என்றார்கள். கடைசியில் அப்பாவின் பட்டறை வாசல் மைதானமே என்று முடிவாயிற்று. மேடைக்கு என்ன செய்வது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களையெல்லாம் எங்கள் வீட்டில் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள்.)

பழனியப்பண்ணன் என்று அப்பாவின் பழைய வாடிக்கையாளர். அவருடைய புது லாரி முழுசாக முடிந்து, மஞ்சளும் பச்சையுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல மைதானத்தில் நின்றது. அதே வெள்ளிக்கிழமை எடுத்துப் போவதாக இருந்தார். மூன்று பக்கமும் பலகையை இறக்கிவிட்டால் அதைவிட நல்ல மேடை கிடைக்குமா? போய்க் கேட்டேன்.

"அதுக்கென்னுங் சாமி, தாராளமாப் பாடிக்கோங்க. புது வண்டியில பாட்டுக் கச்சேரின்னா நல்லதுதானுங்க" என்றார். "ஆனா ஒண்ணு. ஆறரையிலிருந்து ஏழரை வரைக்கும் நல்ல நேரம். ஏழரைக்குள்ள வண்டிய எடுத்துப்போடோணும். அதுக்கு முன்னாடி எறங்கிருங்க."

ஆறு மணிக்குக் கச்சேரி. ஏழு பாட்டு. ஏழேகாலுக்கு முடிந்துவிடும். "சரீங்கண்ணா" என்றேன். அப்பா அப்போதே ஒரு பார்வை பார்த்தார். "பழனியப்பன் சாமி காரியத்துல கொஞ்சம் கெட்டி. மொத எடுப்புல ரிவர்ஸ் போட உட மாட்டாரு, கோயலுக்குப் போற வரைக்கும் வண்டிய நிறுத்த உட மாட்டாரு. சூதானமா இருந்துக்க" என்றார். ரிவர்ஸ் போட விடாவிட்டால் எனக்கென்ன? நான் பாடகன். கியர் விஷயமெல்லாம் எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

என் மூளை இன்னொன்றும் செய்தது. நடுவில் கரன்ட் போய்விட்டால் மீரா முன்னால் மானம் போய்விடும் என்று ஜெனரேட்டரையும் லாரியின் மேலேயே ஏற்றச் சொன்னேன். ஸ்பீக்கர் பெட்டிகளும் லாரி மேல். லைட்டுகளும் லாரி மேல். தரையில் ஒரு ஒயர்கூடக் கிடையாது. "பாத்தியா, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று சாதிக்கிடம் பெருமையடித்தேன்.

மீரா சரியான நேரத்துக்கு வந்து முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். காலேஜ் பையன்கள் நிறைய வந்திருந்தார்கள். பழனியப்பண்ணனின் லாரி நண்பர்கள் அவர்களைவிட நிறைய வந்திருந்தார்கள். ஆறு மணிக்கு நான் மைக்கைப் பிடித்தேன். பழனியப்பண்ணன் மெதுவாக மேலே ஏறி வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"வந்தவங்களுக்கு ஒரு மரியாதை பண்ணிப்போடலாமுங்க" என்றார்.

ஒரு பை நிறையப் பொன்னாடை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். லாரி ஓனர்கள், டயர் கடைக்காரர், ஃபைனான்ஸ்காரர், பெயிண்ட் கடைக்காரர். ஒவ்வொருவரும் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்து, நான்கு பேர் இழுத்து, மேலே ஏறி, போர்த்தி, போட்டோ எடுத்து, இறங்கினார்கள். போர்த்தப்பட்டவர்களில் பாதிப் பேர் திருப்பிப் பழனியப்பண்ணனுக்குப் போர்த்தினார்கள். ஒருவர் சேகரை யாரோ பெரிய ஆள் என்று நினைத்து அவனுக்கும் போர்த்திவிட்டுப் போனார். சேகர் அதைக் கழற்றவே இல்லை. சாதிக் கிடாரை மாட்டிக்கொண்டு ஆணி அடித்த மாதிரி நின்றான். அவன் பார்வை மீராவின் மேல் இருந்தது. மீராவின் பார்வை கடிகாரத்தின் மேல் இருந்தது.

மைக் திரும்பி வந்தபோது மணி ஏழைத் தாண்டிவிட்டது. ஏழு பாட்டில் ஆறை அங்கேயே அடித்துவிட்டேன். "நேரா அதைப் பாடுவோம்" என்றேன். சாதிக் தலையாட்டினான். கிடாரின் முதல் ஒலி எழுந்தது, பையன்கள் எழுந்தார்கள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாங்கள் நன்றாகப் பாடினோம். என் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை. முதல் சரணம் முடிந்தபோது மீரா கடிகாரத்தை மறந்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். டயர் கடைக்காரர்கூடத் தலையாட்டினார். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை, ஏனென்றால் அந்தப் பகுதி வீடியோவில் இல்லை.

இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருக்கும்போது கீழே பழனியப்பண்ணன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது தெரிந்தது. அப்பா அவரிடம் ஏதோ சொன்னார். அவர் கடிகாரத்தைக் காட்டினார். யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். இன்னும் ஒரு சரணம்தான், பொறுக்க மாட்டாரா என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, உச்சத்தில் கத்தினேன்.

"நான் மட்டும் எங்கயும் போகலை!"

லாரி கிளம்பியது.

முதலில் கூட்டம் பின்னால் போகிறது என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தால் எல்லோரும் நாற்காலியோடு தூரம் போய்க்கொண்டிருந்தார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. சரி, பழத்தின் மேல் ஏற்றியாயிற்று, நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். வண்டி கேட்டைப் பார்த்துத் திரும்பியது. கூட்டம் ஒரு கணம் வாயைப் பிளந்தது, அப்புறம் விசிலடித்துக் கை தட்டியது. இதெல்லாம் எங்கள் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள். எங்கும் போகவில்லை என்று பாடிக்கொண்டே போகிறானே, என்ன யோசனை பார் என்று.

கேட்டைத் தாண்டும்போது வண்டி நடைவேகத்தில்தான் போனது. சாதிக் கிடாரின் ஒயரைப் பிடுங்கினான். என்னைப் பார்த்து, "எறங்குடா" என்றான். கீழே குதித்தான். நான் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள், சாதிக் ஒரே ஒரு முறை கேட்டான். மைக் என் கையில் இருந்தது, கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வண்டி மோகனூர் ரோட்டில் ஏறியது. ஜெனரேட்டர், ஸ்பீக்கர், லைட், எல்லாம் எங்களோடு வந்தன. என் ஏற்பாட்டின் சிறப்பு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. கச்சேரி ஒரு குறையும் இல்லாமல் ரோட்டில் போனது. ஆட்கள் மட்டும் இருட்டில் பட்டறை மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சேகர் வாசிக்கும்போது கண் திறக்கிற வழக்கம் இல்லாதவன். பொன்னாடையோடு வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

நான் மைக்கில் கெஞ்சினேன். "ஏனுங்கண்ணா நிறுத்துங்க! டிரைவரண்ணா, நிறுத்துங்க! ஐயோ நிறுத்துங்க!" சேகரின் தாளத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. ஊரே கேட்டது. டீக்கடையில் நின்றவர்கள் ஏதோ எலெக்‌ஷன் பிரசாரம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். நானும் பழக்கதோஷத்தில் திருப்பிக் கும்பிட்டேன். பைக்கில் பின்னாலேயே வந்த இரண்டு காலேஜ் பையன்கள், மைதானத்தில் நான் உச்சத்தில் கத்தியதிலிருந்து எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தார்கள்.

கோயில் வாசலில் வண்டி நின்றது. கேபினிலிருந்து பழனியப்பண்ணன் இறங்கினார்.

"நான் கத்துனது கேக்கலீங்களாண்ணா?"

"நல்லாக் கேட்டுதுங் சாமி. மொத எடுப்புல நடுவழியில நிக்கக் கூடாதுல்லொ" என்றார். அவர் முகத்தில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். பூசாரி வந்து வண்டிக்குக் கற்பூரம் காட்டினார், எனக்கும் சேர்த்துத் திருநீறு பூசினார்.

வந்த வழியே திரும்பலாம் என்றால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். எடுக்க மாட்டார். முன்பக்கமாகவே போய், ஊரைச் சுற்றிக்கொண்டு, லாரி நெரிசலில் நின்று நின்று பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மைதானத்தில் அப்பா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சாதிக் ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"அந்தம்மா?" என்றேன்.

"ரயிலுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. மூணாவது சரணம் எப்படி இருக்கும்னு கேட்டாங்க. நீ வந்து பாடுவேன்னு சொல்லி வச்சிருந்தேன்" என்றான்.

மறுநாள் விடியும்போது நான் பிரபலமாகியிருந்தேன்.

வீடியோ 'நான் மட்டும் எங்கயும் போகலை'யில் ஆரம்பித்து, 'ஐயோ நிறுத்துங்க'வில் முடியும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதில் என் முகத்தின் மேல் ஆட்டுக்குட்டி படத்தை ஒட்டினார்கள், அரசியல்வாதி படத்தை ஒட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து போன் செய்து சிரித்தார்கள். எங்கள் தெருவில் ஆட்டோ பின்னால் எழுதினார்கள். அம்மாவிடம் கோழிப்பண்ணைக்காரர்கள் வந்து, உங்கள் பையனை வைத்து முட்டைக்கு ஒரு விளம்பரம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். (எடுத்தார்கள். முட்டை வேஷம் போட்டேன்.)

மீரா கூப்பிட்டார். "முழுப் பாட்டு வேணாம் கதிர். அந்தப் போர்ஷன் மட்டும் போதும். 'நிறுத்துங்க'வை ரிப்பீட்டுல போட்டுக்கலாம். லாரி ஹாரன் சேத்துக்கலாம். மூணாவது சரணம் இதுக்கு செட் ஆகாது" என்றார்.

சாதிக்கிடம் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று தயாராகப் போனேன். கடையில் ஒருவருக்குத் தாழ்ப்பாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், முடித்துவிட்டு வந்து, "அன்னிக்கு ஏண்டா எறங்கலை?" என்று மட்டும் கேட்டான். "இப்பவும் எறங்க மாட்டே, இல்லை?" என்றான். அந்த மாதமே அவன் ஈரோட்டுக்குப் போய்விட்டான்.

நான் இறங்கவில்லைதான். ஒரு வருஷம் அந்த லாரியிலேயே போனேன். எந்த மேடைக்குப் போனாலும் அட்டையில் லாரி செய்து வைத்திருப்பார்கள். டி.வி.யில் சக்கரம் வைத்த பலகையில் நிற்க வைத்து இழுத்தார்கள். காலேஜ் விழாக்களில் புதுப் பாட்டு என்று ஆரம்பித்தால் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கூட்டமே பாடும். கோயில் நோம்பித் திருவிழாக்களில் நிஜ லாரியையே கொண்டுவந்துவிடுவார்கள். எனக்கும் புகழ் என்றால் ஒரு போதை இருக்கத்தான் செய்தது, போகிற இடமெல்லாம் செல்ஃபி எடுத்தார்கள். ஆனால் ஒருவர், ஒரே ஒருவர், பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அடுத்த வருஷம் ஒரு பூனை வீடியோ வந்தது. என்னைக் கூப்பிடுவது நின்றது.

இப்போது பட்டறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வண்டிகள் நாக்பூர் போகின்றன, அஸ்ஸாம் போகின்றன. நான் எங்கும் போவதில்லை. வண்டி எடுக்க வருகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "அந்தப் பாட்டக் கொஞ்சம் பாடி உடுங் சாமி, ராசியாம்" என்கிறார்கள். பாடி விடுகிறேன். இதை ராசி என்று கிளப்பிவிட்டவர் பழனியப்பண்ணன்.

வீட்டில் கேலி வேறு மாதிரி. நான் கிடாரைத் தொட்டால் போதும், என் மகள் ஓடிப்போய் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துவந்து நாற்காலிக் காலுக்கு முன்னால் வைத்துவிடுவாள். என் அம்மா கற்றுக்கொடுத்தது. "ரிவர்ஸ் மட்டும் எடுத்துராத சாமி" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும். விருந்தாளிகள் இருந்தால் கதை முதலிலிருந்து சொல்லப்படும்.

போன மாதம் சாதிக் வந்தான். கடைக்கு ஒரு சின்ன வண்டி வாங்கியிருக்கிறான், பாடி கட்ட வேண்டும். தலையில் பாதி நரைத்திருந்தது. வீட்டுக்கு அழைத்து வந்தேன். மூலையில் கிடாரைப் பார்த்தான், எடுத்தான், சுருதி சேர்த்தான். அந்த முதல் ஒலி எழுந்ததும் நான் என்னை அறியாமல் பாட ஆரம்பித்தேன். கத்தவில்லை. கத்த இப்போது தொண்டையும் இல்லை. முதல் சரணம், இரண்டாவது சரணம். சாதிக் வாசிப்பதை மெதுவாக்கினான், மூன்றாவதுக்காக மூச்சை இழுத்தேன். என் மனைவி கதவோரம் வந்து நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளும் அதைக் கேட்டதில்லை.

மகள் வந்தாள். குனிந்து, சாதிக்கின் நாற்காலிக் காலுக்கு முன்னால் ஒன்று, என் நாற்காலிக் காலுக்கு முன்னால் ஒன்று என்று எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

சாதிக் பழத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். கிடாரின் மேல் கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்த லாரிக் கதைக்கு அதுவரை சிரிக்காமல் மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். மனைவியும் சிரித்தாள், உள்ளே அம்மாவும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, இரண்டு பழங்களையும் பொறுக்கிச் சமையலறையில் கொடுத்தேன்.

அன்று மதியம் அதைப் பிழிந்து ரசம் வைத்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் கொதிக்கும்போதே பிழிந்துவிட்டார்களாம், கசந்தது. சாதிக் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான்.